பினாங்கு பாலத்துல நெஞ்சு அடைக்குதுன்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். 27 வயசு, கெடா பாடாங் செராய்ல இருந்து பேக்டரி பஸ்ல பாலம் தாண்டி பினாங்கு தீவுல இருக்குற பாயான் லெப்பாஸ் போறீங்க, ஷிப்ட் வேலை, நாலு மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் பஸ்சு பினாங்கு பாலம் ஏறுனதும் நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு முட்டி விரல்லாம் மரத்துப்போயி செத்துருவோம்னு அழுதுட்டீங்க, அதுக்கப்புறம் மூணு தடவ எமர்ஜென்சிக்கு ஓடி மூணு தடவயும் ஈசிஜி நார்மல்னு அனுப்பிட்டாங்க, அம்மா காத்து கருப்புன்னு கயிறு கட்டியிருக்காங்க, ஒரு தனியார் கிளினிக்ல ஆல்ப்ரஸோலாம்னு சின்ன மாத்திரை குடுத்தாங்க, அத போட்டா அரை மணி நேரத்துல எல்லாம் அடங்கிருது. அத தெனமும் போடலாமா, வேலைய விட்டுரலாமா, இது காலத்துக்கும் இருக்குமா, இதான் உங்க கேள்வி.

மொதல்ல பதில சொல்லிடுறேன், அப்புறம் விவரம். அந்த மாத்திரைய தெனமும் போடாதீங்க, ஆனா இத்தன நாளா தெனமும் போட்டுக்கிட்டு இருந்தா சட்டுன்னு நிறுத்தவும் வேணாம், டாக்டர்கிட்ட கேட்டு மெதுவா கொறைக்கணும். வேலைய விடாதீங்க. காலத்துக்கும் இருக்கணும்னு ஒன்னும் இல்ல, பேனிக் டிஸ்ஆர்டர், அதாவது இப்படி திடீர் திடீர்னு பயம் வந்து உடம்பையே ஆட்டுற வியாதி, நல்லா வைத்தியம் கேக்குற நோய்ங்கள்ல ஒன்னு, சரியான வைத்தியத்துக்கு யாராச்சும் உங்கள கொண்டு போய் சேக்கணும், அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லம்மா. 30 வருஷம் கவர்மெண்ட்ல மிஸ்ஸி (நர்ஸ்) வேலை, அதுல பாதிக்கு மேல எமர்ஜென்சி. பொறந்தது கூலிம் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்துல, தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல. இந்த வியாதிய ஆஸ்பத்திரில பாக்குறதுக்கு முன்னாடியே வீட்ல பாத்தவ நான், எங்கம்மாவுக்கு இருந்துச்சு. அத பின்னாடி சொல்றேன்.

உடம்புல என்ன நடக்குதுன்னு புரிஞ்சாலே பாதி பயம் போயிரும், அதனால இத கொஞ்சம் நிதானமா சொல்றேன். விடியக்காலைல இருட்டுல ரப்பர் பால்மரம் வெட்டப் போறீங்க, தலைல லாம்பு, காலடில நாகம் படம் எடுத்து நிக்குது. அந்த நொடில உங்க உடம்பு என்ன செய்யும்? கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்குற சுரப்பி அட்ரினலின ரத்தத்துல கொட்டும், இதயம் வேகமா அடிச்சு காலுக்கும் கைக்கும் ரத்தத்த தள்ளும், மூச்சு வேகமாவும், வேர்த்துக் கொட்டும், வயித்த பெரட்டும், வாய் காஞ்சு போகும். இது எதுவும் வியாதி இல்ல, உங்கள ஓட வைக்குறதுக்கு உடம்பு செய்யற வேலை, இது இல்லன்னா நம்ம தாத்தா பாட்டிங்க யாரும் காட்ட அழிச்சு தோட்டம் போட்டு பொழச்சிருக்க மாட்டாங்க.

பேனிக் அட்டாக்குல நடக்குறதும் இதேதான், ஒரே வித்தியாசம் பாம்பு இல்ல. எச்சரிக்கை மணி தப்பா அடிச்சிருச்சு. வெளிய பாம்பு இல்லாததுனால மனசு உள்ளுக்குள்ள பாம்ப தேட ஆரம்பிக்கும், "நெஞ்சு அடிக்குதே, ஹார்ட் அட்டாக்கு போல", "தல சுத்துதே, பைத்தியம் புடிக்கப் போகுது போல", அப்படி நெனச்ச உடனே இன்னும் அட்ரினலின், இன்னும் படபடப்பு, அத பாத்து இன்னும் பயம். இந்த வட்டத்ததான் டேவிட் கிளார்க்குன்னு இங்கிலாந்து மனநல நிபுணர் 1986ல தெளிவா எழுதிவச்சாரு, உடம்புல வர்ற சாதாரண மாத்தத்த பெரிய ஆபத்துன்னு தப்பா அர்த்தம் பண்ணிக்கிறதுதான் அட்டாக்க பெருசாக்குதுன்னு. இப்ப குடுக்குற பேச்சு வைத்தியம் பெரும்பாலும் அதுமேல கட்டுனதுதான்.

விரல் மரத்துப் போறத கேட்டீங்க. பயத்துல வேகமா மூச்சு விடும்போது உடம்புல இருக்குற கார்பன் டைஆக்ஸைடு அளவுக்கு மேல வெளிய போயிரும். ரத்தத்தோட காரத்தன்மை கூடி, ரத்தத்துல நரம்புக்கு வேலை செய்யற கால்சியம் கொறையும், அதனாலதான் ஒதடு சுறுசுறுங்கும், விரல் மரத்துப்போகும், சில பேருக்கு கை விரல் கோழிக்கால் மாதிரி மடங்கி இறுகிரும். மூளைக்குப் போற ரத்தக்குழாய் கொஞ்சம் சுருங்குறதால தல கிறுகிறுங்கும், சுத்தி இருக்குறது எல்லாம் கனவு மாதிரி தெரியும். மூச்சு பத்தலன்னு நீங்க நெனக்குறப்ப உண்மைல ஆக்சிஜன் நெறைய இருக்கும். எமர்ஜென்சில இப்படி வர்ற புள்ளைங்க விரல்ல கிளிப்ப மாட்டி நான் நம்பர காட்டுவேன், 99ன்னு இருக்கும், "பாரும்மா, நான் மூச்சு விடுறத விட உனக்கு நல்லா இருக்கு"ன்னு சொல்லுவேன். அந்த நம்பர பாத்து அடங்குன ஆளுங்க உண்டு.

இன்னொன்னு, மயங்கி விழுந்துருவோம்னு எல்லாரும் பயப்படுவாங்க. மயக்கம் வர்றதுக்கு ரத்த அழுத்தம் எறங்கணும், பேனிக்ல அது ஏறத்தான் செய்யும், அதனால பேனிக்ல நெஜமா மயங்கி விழுறது ரொம்ப அபூர்வம். அட்டாக்கு பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போகும், பெரும்பாலும் இருபது முப்பது நிமிஷத்துல எறங்கிரும். மாத்திர போட்டாலும் போடாட்டியும் எறங்கும். நீங்க அரை மணி நேரத்துல மாத்திர வேலை செய்யுதுன்னு சொல்றீங்க இல்லயா, அந்த நேரத்துக்கு பாதி அட்டாக்கு அதுவாவே எறங்கியிருக்கும், பேரு மட்டும் மாத்திரைக்கு போகுது.

அதுக்காக எல்லா நெஞ்சு வலியும் பேனிக்குன்னு ஒதுக்கிறக் கூடாது, இத அழுத்திச் சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்கள்ல இனிப்பு நீரும் (சக்கர வியாதி) இதய நோயும் அதிகம், சின்ன வயசுலயே வருது. மாடிப்படி ஏறுறப்ப, பளு தூக்குறப்ப நெஞ்சு இறுகி, உக்காந்தா விடுதுன்னா, வலி தாடைக்கோ இடது கைக்கோ போனா, நெஜமாவே மயங்கி விழுந்தா, 999 கூப்பிடுங்க, பேனிக்கா இல்லயான்னு வீட்டுல உக்காந்து ஆராய்ச்சி பண்ண வேணாம். உங்களுக்கு ஈசிஜி மூணு தடவ எடுத்தாச்சு, நல்லது. இன்னும் தைராய்டு, ரத்தத்துல ஹீமோகுளோபின், சக்கர அளவு இந்த மூணும் பாத்தாங்களான்னு கேளுங்க. தைராய்டு கூடுனா அப்படியே பேனிக் மாதிரியே படபடப்பு, வேர்வை, கை நடுக்கம் எல்லாம் வரும். பொம்பளப் புள்ளைங்களுக்கு ரத்த சோகையும் சாதாரணமா இருக்கும், அதுக்கும் நெஞ்சு அடிக்கும். இனிப்பு நீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்குறவங்களுக்கு சக்கர எறங்குனாலும் இதே கதைதான். சுவிட்சு போட்ட மாதிரி சட்டுன்னு ஆரம்பிச்சு சட்டுன்னு நிக்குற படபடப்பா இருந்தா இதயத் துடிப்பு கோளாறான்னு ஒருநாள் முழுக்க மிஷின் மாட்டிப் பாப்பாங்க. இதெல்லாம் ஒரு தடவ ஒழுங்கா பாத்துட்டா போதும். திரும்பத் திரும்ப ஈசிஜி எடுத்துக்கிட்டே இருக்குறதும் இந்த வியாதிக்கு தீனி போடுறதுதான், ஏன்னா ஒவ்வொரு தடவயும் ரெண்டு நாள் நிம்மதி, அப்புறம் "மிஷின் தப்பா காட்டியிருந்தா?"ன்னு மனசு கேக்கும்.

எங்கம்மா கதைய சொல்றேன். அம்மா பால்மரம் வெட்டுறவங்க. ஒருநாள் விடியக்காலைல பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சு மர நெரைக்குள்ள போனவங்க பாதியில கத்திய போட்டுட்டு ஓடி வந்துட்டாங்க, நெஞ்ச புடிச்சுக்கிட்டு லயத்து வாசல்ல உக்காந்து "என்னமோ ஆவுது, புள்ளைங்கள பாத்துக்க"ன்னு அப்பாகிட்ட சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. தோட்டத்துல மருந்து குடுக்குற டிரசர் ஏதோ மாத்திர குடுத்தாரு, அடங்குச்சு. அடுத்த வாரம் மறுபடி. அப்புறம் அம்மா அந்த நெரைக்கு போக மாட்டேன்னாங்க, வேற நெரை குடுத்தாங்க, அங்கயும் வந்துச்சு, அப்புறம் மரம் வெட்டவே போகல. அப்புறம் பஸ்சு ஏறல. அப்புறம் கோயில் திருவிழாவுக்கு வரல, கூட்டத்துல மாட்டிக்குவேன்னு. கடைசில கடைக்குப் போக நான் கைய புடிச்சுக்கிட்டு போகணும், எனக்கு அப்ப ஒம்பது வயசு. இப்படியே பதினாலு வருஷம். எங்க ஊரே அம்மாவுக்கு பேய் புடிச்சிருக்குன்னு சொல்லுச்சு, சாமியாடி வந்தாரு, மலாய் மந்திரவாதி போமோ வந்தாரு, சேவல் அறுத்தாச்சு. நான் மிஸ்ஸி படிப்பு படிக்கப் போனப்புறம்தான் ஒரு பெரிய டாக்டர்கிட்ட கொண்டு போனேன், அவரு அஞ்சே நிமிஷத்துல பேரு சொன்னாரு. இமிப்ரமின்னு பழைய மாத்திர குடுத்தாங்க. அந்த மாத்திரைக்கு இந்த வியாதில வேலை இருக்குன்னு அமெரிக்கால டொனால்ட் கிளைன்னு ஒரு டாக்டர் 1960கள் தொடக்கத்துலயே கண்டுபுடிச்சிட்டாரு, எங்க லயத்துக்கு அந்த சேதி வந்து சேர அத்தன வருஷம் ஆச்சு. ரெண்டு மாசத்துல அம்மாவுக்கு அட்டாக்கு நின்னுபோச்சு. ஆனா வெளிய மட்டும் போக மாட்டாங்க. மாத்திர அட்டாக்க நிறுத்துச்சு, பதினாலு வருஷமா பழகுன ஒதுங்குறத அது நிறுத்தல. அத நானும் அம்மாவும் நடந்து நடந்து மாத்துனோம், மொத நாள் லயத்து கோடி வரைக்கும், அப்புறம் குழாயடி வரைக்கும், அப்புறம் ஸ்டோர் வரைக்கும்.

இத எதுக்கு சொல்றேன்னா, உங்களுக்கு இப்ப நாலு மாசம்தான் ஆகுது. பாலத்துல வந்துச்சுன்னு பாலத்த விட்டா, அடுத்து பஸ்ச விடுவீங்க, அப்புறம் தனியா இருக்குறத விடுவீங்க. வேலைய விடாதீங்கன்னு நான் சொல்றது அதுக்குத்தான். வேணும்னா ஒரு வாரம் எம்சி (மெடிக்கல் லீவு) எடுங்க, ரிசைன் லெட்டர் மட்டும் குடுத்துறாதீங்க.

இப்ப வைத்தியம். ரெண்டு பெரிய வழி இருக்கு, ஒன்னு சிபிடின்னு சொல்ற பேச்சும் பயிற்சியும் கலந்த வைத்தியம், இன்னொன்னு எஸ்எஸ்ஆர்ஐன்னு சொல்ற, தெனமும் எடுக்குற பதட்ட மாத்திர. ரெண்டும் நல்லா வேலை செய்யும், ரெண்டையும் சேத்தும் செய்யலாம். என் மனசுக்கு சிபிடிதான் மொதல்ல, ஏன்னா மாத்திரைய நிறுத்துனா திரும்பி வர்றவங்க நெறைய பேரு, சிபிடில கத்துக்கிட்டது கூடவே இருக்கும். இங்கிலாந்துல நைஸ்னு ஒரு அமைப்பு வழிகாட்டி போடுது, அதுல பேனிக்குக்கு சிபிடி மொத்தமா ஏழுல இருந்து பதினாலு மணி நேரம்னு வச்சிருக்காங்க, வாரம் ஒரு தடவன்னா மூணு நாலு மாச வேலை. வருஷக்கணக்குல சோபால படுத்துக்கிட்டு சின்ன வயசு கதை பேசுறது இல்ல.

அதுல என்ன செய்வாங்கன்னா, மொதல்ல நான் மேல சொன்ன வட்டத்த உங்க சொந்த அட்டாக்க வச்சே வரைஞ்சு காட்டுவாங்க. அப்புறம் வர்றதுதான் எல்லாரும் ஆச்சரியப்படுற பகுதி, அட்டாக்குல வர்ற அதே உணர்ச்சிய வேணும்னே வரவைப்பாங்க. மூக்க புடிச்சுக்கிட்டு மெல்லிசான ஸ்ட்ரா வழியா ஒரு நிமிஷம் மூச்சு விடணும், மூச்சு முட்டும். சுத்துற நாற்காலில ஒரு நிமிஷம் சுத்தணும், தல சுத்தும். நின்ன இடத்துலயே ஒரு நிமிஷம் ஓடணும், நெஞ்சு அடிக்கும். வேணும்னே வேகமா மூச்சு விட்டா அந்த விரல் மரப்பு அப்படியே வரும். செய்யறதுக்கு முன்னாடி "என்ன ஆகும்னு பயப்படுறேன்"னு எழுதணும், செஞ்சப்புறம் "என்ன ஆச்சு"ன்னு எழுதணும். இப்படி இருவது தடவ செஞ்சா மூளைக்கு மெதுவா புரியும், நெஞ்சு அடிச்சா அடிச்சிட்டு போகட்டும், அதுல விஷம் இல்லன்னு. இதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு இருக்குறவங்களும் மாசமா இருக்குறவங்களும் டாக்டர கேக்காம இத செய்யக் கூடாது, அத மறந்துறாதீங்க.

சிபிடிக்கு ஆள் கெடைக்க நேரம் ஆகலாம், அதுக்காக சும்மா காத்திருக்க வேணாம். பினாங்கு தீவுல தண்ணீர்மலை முருகன் கோயில்ல 513 படி இருக்கு, ஞாயித்துக்கிழமை கூட்டமில்லாத நேரமா ஏறுங்க, பாலம் தாண்ட இன்னும் முடியலன்னா உங்க பக்கத்துலயே ஏதாச்சும் படிக்கட்டு போதும். நடுவுல நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும், அப்ப உக்காந்து போன எடுக்காம நின்னு கவனிங்க, அதே படபடப்புதான் பாலத்துலயும் வந்துச்சு, இங்க அத பாத்து நீங்க பயப்படலயே, ஏன்? படி ஏறுனதுனாலன்னு காரணம் தெரியுது, அதனால. மேல போயி சாமி கும்பிட்டு உக்காருங்க, நெஞ்சு தானா எறங்குறத எண்ணிப் பாருங்க.

அப்புறம் பாலம். 13.5 கிலோமீட்டர், அதுல 8.4 கிலோமீட்டர் தண்ணி மேல, நடுவுல எறங்க முடியாதுங்குறதுதான் உங்க பயம்னு நெனக்குறேன். ஏணி மாதிரி போகணும். மொத படி, அண்ணன் காடில (கார்ல) பாலத்துக்கு முன்னாடி இருக்குற செபராங் ஜெயா வரைக்கும், பாலம் ஏறாம திரும்புறது. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ரோடு காலியா இருக்குறப்ப அண்ணனோட பாலம் தாண்டி திரும்பி வர்றது, ஒரே நாள்ல ரெண்டு மூணு தடவ தாண்டுனா இன்னும் நல்லது, போகும்போது மட்டும்தான் டோல். அப்புறம் ஜாம் இருக்குற நேரத்துல. அப்புறம் பேக்டரி பஸ்ல தோழிகூட. அப்புறம் தனியா, கதவு பக்கம் இல்லாம நடு சீட்டுல. ஒவ்வொரு படிலயும் பயத்துக்கு பத்துக்கு எத்தன மார்க்குன்னு போடுங்க, மார்க்கு பாதியா கொறையுற வரைக்கும் அதே படிய திரும்பச் செய்யுங்க, அப்புறம்தான் அடுத்தது. பயம் உச்சில இருக்குறப்ப திரும்பி ஓடி வந்துட்டா, ஓடுனதாலதான் பொழச்சோம்னு மூளை எழுதி வச்சுக்கும், அடுத்த தடவ இன்னும் சத்தமா மணி அடிக்கும்.

இதுல ஒரு ஏமாத்து வேலையும் இருக்கு, பஸ்ல போவோம் ஆனா கைப்பைல தண்ணி போத்தல், கோடாலித் தைலம், பிளாஸ்டிக் பை, அந்த மாத்திர ஒன்னு, அண்ணனுக்கு போன் போட்டபடியே போறது. இதெல்லாம் இருந்ததாலதான் சாகலன்னு மனசு சொல்லிக்கும். அதனால ஏணில மேல ஏற ஏற இத ஒன்னொன்னா வீட்ல வச்சுட்டு போகணும். தைலத்த கடைசியா வைங்க, எங்கம்மாவும் அதத்தான் கடைசியா விட்டாங்க.

அட்டாக்கு நடக்குறப்ப என்ன செய்யறதுன்னா, ரொம்ப ஒன்னும் செய்யாதீங்க. ஒதட்ட குவிச்சு மெதுவா வெளிய விடுற மூச்ச நீட்டுங்க, உள்ள நாலு எண்ணி வெளிய ஆறு. "வந்துட்டியா, வா, பத்து நிமிஷம் இரு"ன்னு உங்களுக்கே சொல்லிக்குங்க. அத அடக்கணும்னு சண்ட போட்டா அதுவும் சண்ட போடும். பேப்பர் பைக்குள்ள மூச்சு விடச் சொல்லுவாங்க, வேணாம், உண்மைல அது ஆஸ்துமாவோ ஹார்ட் அட்டாக்கோ இருந்தா ஆபத்து. வீட்ல இருக்குறவங்களுக்கும் சொல்லி வைங்க, "ஒன்னுமில்ல, சும்மா நெனச்சுக்குற"ன்னு சொன்னா அந்த நேரத்துல அது கத்தி மாதிரி இருக்கும், "வருது, போயிரும், நான் பக்கத்துல இருக்கேன்" இது போதும்.

மாத்திர பக்கம் வர்றேன். செர்ட்ரலின், எஸ்சிட்டாலோப்ராம், ஃப்ளூவாக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸமின், பாராக்ஸெட்டின் இதெல்லாம் எஸ்எஸ்ஆர்ஐ. பேனிக் இருக்குறவங்களுக்கு சின்ன அளவுலதான் ஆரம்பிக்கணும், செர்ட்ரலின்னா ஒரு வாரம் 25 மில்லிகிராம், அப்புறம் 50, எஸ்சிட்டாலோப்ராம்னா 5ல ஆரம்பிச்சு 10. ஏன்னா மொத ஒன்னு ரெண்டு வாரத்துல இது படபடப்ப கொஞ்சம் கூட்டி விடும், வயித்த பெரட்டும், தலவலி வரும், தூக்கம் கெடும். இத யாரும் முன்கூட்டியே சொல்லாததாலதான் பாதிப் பேரு மூணாவது நாளே தூக்கிப் போட்டுட்டு "எனக்கு ஒத்துக்கல"ன்னு வந்துடுறாங்க. பலன் தெரிய ரெண்டுல இருந்து ஆறு வாரம், முழுப் பலனுக்கு மூணு மாசம் வரைக்கும் ஆகலாம். சரியானப்புறமும் ஏறக்குறைய ஒரு வருஷம் எடுக்கச் சொல்லுவாங்க, அப்புறம் வாரக்கணக்குல, மாசக்கணக்குல மெதுவா கொறைப்பாங்க. இதுக்கு யாரும் அடிமையாக மாட்டாங்க, ஆனா சட்டுன்னு நிறுத்துனா தல சுத்தும், தலைக்குள்ள கரண்டு அடிச்ச மாதிரி இருக்கும், எரிச்சல் வரும். தாம்பத்திய ஆச கொறையலாம், இத வெக்கப்பட்டு யாரும் சொல்ல மாட்டாங்க, வீட்டுக்காரருக்கும் சண்டையாயிரும், டாக்டர்கிட்ட சொன்னா அளவ மாத்துவாங்க இல்ல மாத்திரைய மாத்துவாங்க. 25 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு ஆரம்பத்துல தற்கொலை எண்ணம் வருதான்னு வீட்ல கவனிக்கணும். டிராமடோல் மாதிரி வலி மாத்திர எடுத்தா, கல்யாணம் கொழந்தைன்னு யோசனை இருந்தா மொதல்லயே சொல்லிருங்க. இது ஒத்துக்காட்டி வெனலஃபாக்ஸின் இருக்கு, எங்கம்மா எடுத்த இமிப்ரமின் மாதிரி பழசும் இருக்கு, ஒன்னு ஒத்துக்கலன்னா கதவு மூடுனதா அர்த்தம் இல்ல.

இப்ப உங்க சின்ன மாத்திர. ஆல்ப்ரஸோலாம், டயஸிபாம், லோரஸிபாம், குளோனஸிபாம் எல்லாம் ஒரே குடும்பம், பென்சோன்னு சொல்லுவாங்க. வேகமா அடக்கும், அதுல பொய் இல்ல, அதோட வில்லங்கமே அந்த வேகம்தான். சில வாரம் தெனமும் போட்டா உடம்பு பழகிரும், அதே அளவு பத்தாது, மாத்திர எறங்குற நேரத்துல பழைய வியாதிய விட மோசமா படபடக்கும், அத பாத்து இன்னொன்னு போடுவீங்க. நெறைய நாள் எடுத்துட்டு திடீர்னு விட்டா வலிப்பே வரலாம். தூக்கக் கலக்கத்துல மிஷின்ல நிக்குற வேலை, மோட்டர் சைக்கிள் ஓட்டுறது, யோசிங்க. தண்ணி அடிச்சுட்டு அது மேல இத போட்டா மூச்சே அடங்கிரும். நைஸ் வழிகாட்டில பேனிக் டிஸ்ஆர்டருக்கு இத குடுக்காதீங்கன்னே இருக்கு. சில டாக்டருங்க எஸ்எஸ்ஆர்ஐ வேலை செய்ய ஆரம்பிக்குற வரைக்கும் ரெண்டு மூணு வாரம் துணைக்கு குடுப்பாங்க, அது கணக்கோட குடுக்குறது. கணக்கில்லாம மாசாமாசம் பொட்டலம் வாங்குறது வேற. இன்னொன்னும் இருக்கு, இத போட்டுட்டு பாலம் தாண்டுனா பயிற்சி பலிக்காது, மூளை எல்லாப் பேரையும் மாத்திரைக்கே குடுத்துரும். ப்ராப்ரனோலால்னு இதயத் துடிப்ப கொறைக்குற மாத்திரைய தோழிங்க கைமாத்தா குடுப்பாங்க, பேனிக்க அது தீக்காது, ஆஸ்துமா இருந்தா உயிருக்கே ஆபத்து, வாங்காதீங்க.

எங்க போறதுன்னா, தனியார் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு காசு இல்லன்னு கவலப்பட வேணாம். பக்கத்து கிளினிக் கெசிஹாத்தான், அதான் கவர்மெண்ட் கிளினிக், அங்க போங்க, 1 வெள்ளி (ரிங்கிட்). அங்க கேள்வித்தாள் ஒன்னு நெரப்பச் சொல்லுவாங்க, உள்ளத உள்ளபடி போடுங்க. பெரிய கிளினிக்குல குடும்ப மருத்துவ ஸ்பெஷலிஸ்ட் இருப்பாங்க, எஸ்எஸ்ஆர்ஐ அங்கயே ஆரம்பிக்க முடியும். தேவைன்னா கூலிம் ஆஸ்பத்திரிக்கோ சுங்கை பட்டாணிக்கோ சைக்காட்ரிக்கு, அதாவது மனநல பிரிவுக்கு, லெட்டர் குடுப்பாங்க, கவர்மெண்ட் லெட்டரோட போனா 5 வெள்ளி, தனியார் கிளினிக் லெட்டரோட போனா கூட ஆகும், அதனால கெசிஹாத்தான் வழியா போறது நல்லது. மெந்தாரின்னு சமூக மனநல மையங்க இருக்கு, உங்க பக்கத்துல எதுன்னு அங்கயே கேளுங்க. தாங்க முடியலன்னா, செத்துரலாம்னு நெனப்பு வந்தா 15555, சுகாதார அமைச்சோட ஹீல் லைன், பேசுங்க.

சைக்காட்ரின்னதும் உங்கம்மா மொகம் எப்படி மாறும்னு எனக்குத் தெரியும். தஞ்சோங் ரம்புத்தான்ங்குற ஊர் பேரையே நம்ம ஆளுங்க வசவா ஆக்கி வச்சிருக்காங்க, 1911ல இருந்து அங்க அந்த மனநல ஆஸ்பத்திரி இருக்கு, எத்தன ஆயிரம் பேர் கொணமாயி வீடு திரும்புனாங்கன்னு யாரும் பேசுறதில்ல. பேனிக்குக்கு யாரும் உங்கள அங்க படுக்க வைக்கப் போறதில்ல, இது வெளிநோயாளியா வந்து போற வியாதி. கயிற அவுக்கச் சொல்லி அம்மாகூட சண்ட போடாதீங்க. கயிறு கையில இருக்கட்டும், விபூதி நெத்தில இருக்கட்டும், மாத்திர வயித்துல இருக்கட்டும், மூணுக்கும் ஒன்னோட ஒன்னு சண்ட இல்ல. ஆனா பேய ஓட்டுறேன்னு அடிக்கிறவன், ஐநூறு ஆயிரம்னு கேக்குறவன் வீட்டுப் படிய மிதிக்க விடாதீங்க. அம்மாவ ஒரு தடவ கிளினிக்குக்கு கூட்டிட்டு போயி டாக்டர் வாயாலயே கேக்க வைங்க, மக சொன்னா ஏறாதது வெள்ள சட்ட சொன்னா ஏறும்.

சாப்பாடு தூக்கம் பத்தி சுருக்கமா. நைட் ஷிப்ட்டுக்கு முழிச்சிருக்கணும்னு கோப்பி ஓ, எனர்ஜி டிரிங்க், தே தாரேக்குன்னு மாத்தி மாத்தி குடிப்பீங்க, பேனிக் இருக்குறவங்க உடம்புக்கு கஃபைன் நேரா மணி அடிக்குற கயிறு. ஒரே நாள்ல விட்டா தலவலி வரும், ஒரு வாரத்துல கொறைங்க. சாப்பிடாம பஸ் ஏறாதீங்க. ஷிப்ட் மாறுற வாரத்துல அட்டாக்கு கூடுதான்னு குறிச்சு வைங்க, கூடுனா டாக்டர்கிட்ட சொல்லி நிரந்தர பகல் ஷிப்ட்டுக்கு லெட்டர் கேக்கலாம். உங்களுக்கு இல்லாட்டியும் இத படிக்குற தம்பிங்களுக்கு சொல்றேன், நம்ம கெடா பக்கம் படபடப்புக்கு கெத்தும் இலை அவிச்ச போதை தண்ணி குடிக்குறதும், தூக்கத்துக்கு பீர், சம்சு சாராயம் அடிக்குறதும் சாதாரணமா போச்சு, அன்னிக்கு ராத்திரி அடங்குனது மறுநாள் காலைல வட்டியோட திரும்பி வரும். கை நடுங்குற அளவுக்கு தெனமும் குடிக்குறவங்க அதையும் சட்டுன்னு நிறுத்தாம ஆஸ்பத்திரில சொல்லி நிறுத்தணும்.

கிளினிக்குக்கு போறப்ப மூணு விஷயம் கையோட எடுத்துட்டு போங்க. அந்த மாத்திர அட்டை, எத்தன நாளா எத்தன போட்டீங்கன்னு உள்ள கணக்கோட, கூட்டியும் வேணாம் கொறைச்சும் வேணாம். மூணு ஈசிஜி பேப்பரும் இருந்தா அதுவும். அப்புறம் ஒரு பக்கத்துல எப்ப வந்துச்சு, எங்க இருந்தீங்க, என்ன குடிச்சிருந்தீங்க, எத்தன நிமிஷம்னு குறிப்பு, ஏன்னா டாக்டர் முன்னாடி உக்காந்ததும் எல்லாம் மறந்துரும், அங்க உங்களுக்கு பத்து நிமிஷம்தான் கெடைக்கும். "பேனிக் டிஸ்ஆர்டரா இருக்குமோன்னு நெனக்குறேன், சிபிடிக்கு அனுப்ப முடியுமா"ன்னு வாய விட்டு கேளுங்க, கேக்குறவங்களுக்குத்தான் லெட்டர் கெடைக்குது, இத்தன வருஷம் அந்தப் பக்கம் உக்காந்து பாத்ததுல சொல்றேன்.

அண்ணன் காடில மொத தடவ பாலம் தாண்டுனதும் எனக்கு எழுதுங்கம்மா, ஏறுறப்ப பத்துக்கு எத்தன, அந்தப் பக்கம் எறங்குறப்ப எத்தனன்னு.